தாத்தாவின் டிரங்குப் பெட்டி

கேள்வி: தாத்தா வைத்திருந்த பழைய தமிழ்ப் புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. பழைய பேப்பர் கடைக்காரர் கிலோ கணக்கில் கேட்கிறார். போட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா! தராசுக்கு எடை தெரியும், எழுத்து தெரியாது. முதலில் ஒவ்வொன்றின் தலைப்புப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். அச்சுக்கூடம், பதிப்பு, ஆண்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆண்டு தமிழ் எண்ணிலோ, விரோதி, விகிர்தி என்ற தமிழ் ஆண்டுப் பெயரிலோ இருக்கலாம். வயதானதாலேயே விலை ஏறிவிடாது. எத்தனை பிரதி மிஞ்சியிருக்கிறது, பக்கங்கள் முழுசாக இருக்கின்றனவா என்பதுதான் கணக்கு. உ.வே.சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்த சீவக சிந்தாமணியின் முதல் பதிப்பு கிடைத்தால் அது புதையல். நேற்றைய கைடு புத்தகம் வெறும் காகிதம்.

பூச்சி அரித்த ஓரத்தை வெட்டாதீர்கள். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை தாளைப் பழுப்பாக்கிவிடும். தாத்தாவின் கையெழுத்தை அழிக்கவே அழிக்காதீர்கள்.

பழைய காகிதத்தின் அருமை அறிந்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற சேகரிப்பாளர். நூல்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைகளைக்கூடச் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தார். அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று ஆய்வாளர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

ஆகவே, முதலில் பட்டியல் போடுங்கள். பிறகு விவரம் தெரிந்த பழைய புத்தக வியாபாரிகள் இருவரிடமாவது விலை கேளுங்கள். விற்க மனமில்லையென்றால் நூலகத்துக்குக் கொடுங்கள். எடைக்கு மட்டும் போடாதீர்கள்.