நார்மல்காரர்

எண்ணூர்ப் பக்கம் வந்து, “ராத்திரியெல்லாம் கண்ணு எரியுதுங்க” என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். டீக்கடை பெஞ்சு ஓரத்திலிருந்து ஒரு குரல் வரும்: “நார்மல்தான்பா.” சொன்னவர் தலையைக்கூடத் திருப்பியிருக்க மாட்டார். பேப்பரில் தங்கம் விலை பார்த்துக்கொண்டிருப்பார். அதுவும் நார்மல்தான்.

ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரைக்கும் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு நார்மல்காரர் உண்டு. நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. பொதுவாக ஒரு வகை மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன். பொதுவாக இவர்களுக்கு வயது 67. ஃபவுண்ட்ரியில் 32 வருஷம் வேலை பார்த்திருப்பார்கள். இடது கை சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். மீதி எங்கே என்று கேட்டால், “மோல்டிங் செக்‌ஷன்ல அதெல்லாம் நார்மல்” என்பார்கள்.

அகராதியில் இந்தச் சொல்லுக்கு ‘இயல்பான’ என்று போட்டு முடித்துவிட்டார்கள். பாவம், அகராதி போட்டவர் எங்கள் டீக்கடையில் உட்கார்ந்ததில்லை. வெட்டென்று ‘நார்மல்’ என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள். ‘நார்ர்மல்’ என்று இழுத்தால் நன்றாக இல்லை, ஆனால் அதைச் சொல்ல நீ யார் என்று பொருள். ‘நார்மலா போனா’ என்றால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்றுகூட வழிமறிக்காமல் போனால்; அப்படி யாரும் போனதில்லை. ‘அவன் நார்மலா இல்ல’ என்றால் குடித்திருக்கிறான். ‘அவன் நார்மலான ஆளு’ என்றால் இவரிடம் எதிர்த்துப் பேசாதவன்.

இத்தனை அர்த்தம் தெரிந்தவர், அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே ஓர் அர்த்தம் இருக்கிற ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வார். ஓட்டலில் சர்வர் தண்ணி பாட்டிலோடு வந்து, “கூலிங்கா சார், நார்மலா?” என்று கேட்பான். நார்மல்காரர் திகைத்துப்போவார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ரெண்டையும் கலந்து குடு” என்பார்.

சரி, மறைத்து என்ன ஆகப்போகிறது. என் மாமாதான்.

அத்தைக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் நார்மல் டெலிவரி என்று ஊரெல்லாம் பெருமை பேசுவார். மூத்தவனுக்கு இரண்டு பகல், ஓர் இரவு வலி. “ஆமா, வெளியில குந்திக்கினு பீடி வலிச்ச இவருக்கு நார்மல்தான்” என்று அத்தை முப்பது வருஷமாக அடுப்படியிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது அவர் காதில் விழாததும் நார்மல்.

ஆனால் அவருடைய முழுத் திறமையும் தெரிவது நாற்றத்தில்தான். எங்கள் பகுதியில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கக் கொடி வேண்டாம், மூக்கு போதும். மாமா அதைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார். அழுகின முட்டை நாற்றம் அடித்தால் மணலிக் காற்று, நார்மல். தொண்டைக்குள் கரண்டியை விட்டுச் சுரண்டுகிற மாதிரி இருந்தால் அது விடிகாலை நார்மல், ஏழு மணிக்கு மேல் அடங்கிவிடும். மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாம்பல் பூத்துப்போனால், “வெள்ளை வேட்டிய எவன்டா வெளியில காயப்போடுவான்?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார். கருவாட்டு நாற்றத்தை மட்டும் அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. “அது வாசனைடா.” இது ஒன்றில் மட்டும் நான் மாமா கட்சி.

புயல் காலத்தில் துறைமுகத்தில் ஏற்றுகிற எச்சரிக்கைக் கூண்டு 11 எண் வரைக்கும் உண்டு. மாமா கணக்கில் எட்டு வரைக்கும் நார்மல். 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியது. கரையில் தார் மாதிரி ஒதுங்கினதை ஆட்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். உலகம் பூராவும் டிவியில் பார்த்தது. மாமாவும் பார்த்தார். “கப்பல்னா இடிக்கத்தான் செய்யும்.” 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து முகத்துவாரத்தை மூடியது. படகும் வலையும் கறுத்துப்போய், மீன்காரர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் கரையில் நின்றார்கள். மாமா விரல்விட்டுப் பார்த்தார் (ஒன்பதரை விரல்). “ஏழு வருசத்துக்கு ஒருவாட்டி. நார்மல்.”

வானிலை ஆய்வு மையத்துக்காரர்கள்கூட நார்மல் மழை என்று சும்மா சொல்லிவிடுவதில்லை. 1971-லிருந்து 2020 வரை 50 வருஷ மழையைக் கூட்டி வகுத்துத்தான் அந்த அளவை வைத்திருக்கிறார்கள். மாமா எதையும் கூட்டுவதில்லை, வகுப்பதில்லை. நேற்றும் அப்படித்தானே இருந்தது என்பார், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், ‘நார்மா’ என்கிற லத்தீன் சொல்லுக்குத் தச்சர் கையில் இருக்கிற மூலைமட்டம் என்று அர்த்தம். மட்டத்துக்குச் சரியாக நிற்பதுதான் நார்மல். 1856-இல் மெட்ராஸில் வாத்தியார்களைப் பழக்கத் தொடங்கின பள்ளிக்கு நார்மல் ஸ்கூல் என்று பெயர் வைத்ததும், பாடம் நடத்துவதற்கு ஒரு மட்டம் வேண்டும் என்றுதான். பின்னால் சைதாப்பேட்டைக்குப் போன ஆசிரியர் கல்லூரி அதுதான். சுவர் கோணலாக இருந்தால் கொத்தனார் சுவரை இடிப்பார். மாமா மூலைமட்டத்தை வளைத்துவிடுவார்.

இதைச் சிரிப்பதற்காக மட்டும் எழுதவில்லை. நாற்றத்தைப் பற்றி ஒரு மனு எழுதிக்கொண்டு நாங்கள் நாலு பேர் வீடு வீடாகப் போனோம். ஒரு தெருவில் 40 கையெழுத்தாவது விழும் என்று நினைத்தோம். டீக்கடைக்கு வந்தபோது மாமா பேப்பரை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “இன்னாபா இது, காத்து மேலல்லாம் கம்ப்ளெய்ன்ட்டு குடுக்கறீங்க? நார்மலா கீறத எதுக்கு எழுதிக்கினு?” பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பேனாவைக் கையில் எடுத்தவன்கூடக் கீழே வைத்துவிட்டான். மொத்தம் ஆறு கையெழுத்து, அதில் நாலு எங்களுடையது. அந்த மனுவை எங்கேயும் கொடுக்கவில்லை. பீரோவில் இருக்கிறது. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. அவர் இன்னும் கையெழுத்துப் போடவுமில்லை.

அதே 2023 டிசம்பரில், 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் கடலுக்குள் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. நள்ளிரவில் எங்கள் கதவு இடிபட்டது. திறந்தால் மாமா. லுங்கிமேல் சட்டையில்லை, முகத்தில் ஈரத் துண்டு. அமோனியா தண்ணீரில் கரையும் என்பது ஃபவுண்ட்ரி மூக்குக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கையில் இன்னும் நாலைந்து ஈரத் துண்டு. “கட்டு, கட்டு, கேள்வி கேக்காத, கொழந்தைய தூக்கு.” தெருவில் இரண்டு பக்கமும் ஒரு கதவு விடாமல் தட்டிக்கொண்டே போனார். கிடைத்த ஆட்டோவில், லாரியில் ஜனம் ஓடியது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. பொழுது விடிந்ததும் மைக் நீட்டின பையனிடம்தான் சொன்னார்: “இப்ப நார்மல்.”

அதற்கப்புறம் இருமல் விடவில்லை. இருமலும் நார்மல் என்று மூன்று மாதம் ஓட்டினார். அத்தை சோறு போட மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் என்னோடு டவுனுக்கு வந்தார். டாக்டர் சின்னப் பையன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான், ஊர் எது என்று கேட்டான், “உங்க ஏரியாவுக்கு இது நார்மல் சார்” என்று சொல்லிவிட்டு மாத்திரை எழுத ஆரம்பித்தான்.

மாமா மருந்துச் சீட்டை வாங்கவே இல்லை. நான்தான் வாங்கினேன்.

மெட்ரோ முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தார். “அவன் இன்னாடா சொல்றது? அவனுக்கு இன்னா தெரியும்? நம்ம ஏரியாவுக்குன்னா? நமக்கு இன்னா, தனி நுரையீரலா வச்சிருக்கான்?” வண்ணாரப்பேட்டை தாண்டி, தண்டையார்பேட்டை தாண்டி, தேரடி வரைக்கும் அடங்கவில்லை. “நான் சொன்னா அது வேற” என்றார் கடைசியில். எப்படி வேற என்று நான் கேட்கவில்லை.

விம்கோ நகரில் படியிறங்கி ரோட்டுக்கு வந்ததும் குப்பென்று அடித்தது. மணலிக் காற்று, அழுகின முட்டை. நான் மாமா முகத்தையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒன்பதரை விரலாலும் துண்டை எடுத்து மூக்கை மூடிக்கொண்டு, எண்ணூர் ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.