முன் பெஞ்சும் பின் பெஞ்சும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் பிரியாணி போட்டால் கூடம் நிறைகிறது. போடாவிட்டால் நானும் பொருளாளரும்தான். இவர்களை வைத்து என்ன ஊழியம் செய்வது?
(ஐக்கியச் செயலாளர், நாசரேத்)

பதில்: பிரியாணியை நிறுத்தாதீர்கள் தம்பி. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் முதலில் செய்தது கரிநெருப்புப் போட்டு மீனும் அப்பமும் கொடுத்ததுதான். பேதுருவிடம் அன்பைப் பற்றிக் கேட்டதெல்லாம் அவன் சாப்பிட்டு முடித்த பிறகு. பையன்கள் பந்தியில் இருக்கும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? போதகர் ஐயரோடும் சிறப்பு விருந்தினரோடும் தனி மேசையில் என்றால், கோளாறு அங்கேதான்.

இத்தாலியின் டூரின் நகரில் பிழைப்புத் தேடி வந்த பையன்களை 1841 முதல் சேர்த்துக்கொண்டவர் தொன் போஸ்கோ. சின்ன வயதில் கயிற்றின்மேல் நடந்து வித்தை காட்டியவர். குருவான பிறகும் பையன்களோடு விளையாடுவதை விடவில்லை. 1884-இல் ரோமிலிருந்து தம் ஆட்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவருக்கு இருந்த வருத்தமே, பெரியவர்கள் மைதானத்தில் பையன்களை விட்டு விலகி நிற்கிறார்கள் என்பதுதான். பையன்களை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவது அவர்களுக்கே தெரிய வேண்டும் என்றார். அவருடைய சலேசிய சபையார் 1906-இல் இந்தியாவில் முதன்முதலாகப் பணி தொடங்கியது நம் தஞ்சாவூரில். அடுத்த கூட்டத்தில் கமிட்டியார் பரிமாறுங்கள். கடைசிப் பந்தியில் பையன்களுக்கு நடுவில் உட்காருங்கள். அதற்கடுத்த வாரம் வராதவன் வீட்டுக்குப் போய், ஏன் வரவில்லை என்று கேட்காமல், எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள்.

கேள்வி: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருக்க என்ன செய்யலாம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
(ஆசிரியை, மார்த்தாண்டம்)

பதில்: அவர்கள் வருவதற்கு முன்னாலேயே வாருங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொன்னதை அடுத்த வாரமே சொல்லுங்கள்.

கேள்வி: என் அப்பா கோயிலில் முன் பெஞ்ச், சேகர கமிட்டியிலும் இருக்கிறார். வீட்டில் அம்மாவை அவர் பேசும் பேச்சைக் கேட்டால் எனக்கு ஜெபிக்கவே தோன்றவில்லை. இவருடைய சாமி எனக்கு எதற்கு?
(கல்லூரி மாணவர், தூத்துக்குடி)

பதில்: உன் கோபம் நியாயமானது. அம்மாவைப் புண்படுத்தும் நாக்கு அன்று மாலை எவ்வளவு அழகாகச் சங்கீதம் வாசித்தாலும் அந்தப் புண் ஆறாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். ஆசாரியன் ஏலியின் வீட்டில் அவருடைய மகன்கள் ஓப்னியும் பினெகாசும் காணிக்கையைச் சூறையாடிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் சிறுவன் சாமுவேல் அங்கே வளர்ந்தான். பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்தே வளர்ந்தான். பிள்ளைகளைக் கண்டித்தும் அடக்கத் தவறிய அதே ஏலிதான், இரவில் உன்னைக் கூப்பிடுகிறவர் ஆண்டவர் என்று அவனுக்கு அடையாளம் காட்டியதும். அப்பாவிடமிருந்து நீ கேட்ட பெயரை அவருடைய நடத்தைக்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்தப் பெயருக்குரியவர் அப்பாவின் சொத்து அல்ல.

அம்மாவுக்காக ஒன்று செய். அம்மாவின் பக்கம் நின்று, அவர் நம்பும் அத்தையிடமோ ஐயரம்மாவிடமோ விஷயத்தைக் கொண்டுபோ. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. இழிவுபடுத்தும் பேச்சும் அதில் அடங்கும். பெண்கள் உதவி எண் 181. இதை வெளியே சொல்வது குடும்ப மானத்தைக் கெடுப்பது என்று யாராவது சொன்னால், மானத்தைக் கெடுத்தது யார் என்று மரியாதையோடு கேள்.

கேள்வி: என் மாமா பல லட்சம் கொடுத்து ஆசிரியர் வேலை வாங்கினார். கோயிலில் சாட்சி சொல்லும்போது, ஜெபித்தேன், கர்த்தர் வாசலைத் திறந்தார் என்கிறார். நான் பி.எட். முடித்துவிட்டுக் காத்திருக்கிறேன்.
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: அந்த வாசலைத் திறந்தது யார் என்பது பணத்தை எண்ணி வாங்கியவருக்குத் தெரியும் அம்மா. பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட பையன்களுக்கும் தெரியும். நூறு பிரசங்கம் கட்டியதை இப்படி ஒரு சாட்சி இடித்துவிடும்.

சாமுவேலிடமே இன்னொரு முறை போவோம். அவருடைய பிள்ளைகள் யோவேலும் அபியாவும் பரிதானம் வாங்கினார்கள். ஏலி வீட்டின் கதையைக் கண்ணால் கண்டவர் வீட்டிலேயே இப்படி. ஆனாலும் வயதான சாமுவேல் மக்கள் எல்லாருக்கும் முன்னால் நின்று, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் லஞ்சம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்டார். ஒருவராலும் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. நம் சபைகளில் எத்தனை பேரால் அப்படி நின்று கேட்க முடியும்? வாலிபர்களை நடத்துகிறவர்கள் இதில் ஒரு சின்னப் பங்கையாவது செய்யலாம். கேரல் ரவுண்ட்ஸ் காணிக்கை, ரிட்ரீட் செலவு, மீதி எல்லாவற்றையும் அடுத்த ஞாயிறே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

உனக்குச் சொல்ல வேண்டியது கடினமானது. காத்திரு. காத்திருக்கும் நாளில் தனிப்பயிற்சி எடு, போட்டித் தேர்வு எழுது. உன் தங்கைகள் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை வாங்கப் பணம் கேட்கும் நிர்வாகத்தார் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டால், உன் வறுமைக்கும் கணக்குக் கொடுக்கப்போகிறவர்கள் அவர்கள்.

கேள்வி: ஆராதனையில் பிள்ளைகள் செல்போனில் வேதம் வாசிக்கலாமா?
(மூப்பர், மதுரை)

பதில்: தாராளமாக. வாட்ஸ்அப் பக்கம் போகாதே என்பதை மட்டும் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் போனும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

கேள்வி: ஒருமுறை தவறிய வாலிபனை மறுபடி தலைவனாக்கலாமா?
(போதகர், வேலூர்)

பதில்: பம்பிலியாவில் பாதி வழியில் திரும்பிப்போன மாற்கை மறுபடி சேர்க்கவே கூடாது என்றார் பவுல். பர்னபா விடவில்லை. அந்த வாக்குவாதத்தில் இரண்டு பெரிய ஊழியர்கள் பிரிந்தே போனார்கள். பின்னாளில் காவலில் இருந்த பவுல், மாற்கைக் கூட்டிவா, அவன் எனக்குப் பயன்படுவான் என்று எழுதினார். பயந்தவன், ஓடிப்போனவன், குடித்துத் திருந்தியவன் எல்லாருக்கும் சபையில் ஒரு பர்னபா வேண்டும். நீங்களே அவராக இருங்கள்.

பிள்ளைகளிடம் தகாதபடி நடந்தவன் மட்டும் இந்தக் கணக்கில் வரமாட்டான். அவன் மனந்திரும்பலாம், மன்னிப்பும் பெறலாம், பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் பொறுப்பாளனாக மறுபடி நுழையக் கூடாது. கமிட்டியில் பேசி முடித்துக்கொள்வதற்கும் இடமில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ ஞாயிறு பள்ளிச் சுவரில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதிவையுங்கள்.

கேள்வி: நம் மண்ணிலிருந்து ஒருவரைக் காட்டுங்கள், வெளிநாட்டு மிஷனெரிகள் வேண்டாம்.
(மாணவி, நாகர்கோவில்)

பதில்: வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ.வில் இளைஞர்களுக்காக ஊர் ஊராய் அலைந்தவர். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதில் முன்நின்றார். நம் காசில், நம் ஆட்களை அனுப்ப வேண்டும் என்பது அதன் நோக்கம். எனக்கு அவர்மேல் மரியாதை கூடுவது அதற்குப் பிறகு நடந்ததால். மற்றவர்களைப் போ என்று சொல்லிக்கொண்டிருந்தவர், 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே தோர்ணக்கலுக்குப் போனார். அப்போது அது நிஜாம் ஆட்சிப் பகுதி. தெலுங்கு கற்று ஏழை மக்கள் நடுவில் வாழ்ந்தார். 1910-இல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு அதற்கும் மேலே நட்பு வேண்டும் என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். போ என்று சொல்வதற்குமுன் நீ புறப்படு.

கேள்வி: பேரன் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறான். வயதான காலத்தில் நான் என்ன செய்ய?
(பாட்டி, சாயர்புரம்)

பதில்: தீமோத்தேயுவின் விசுவாசத்தைச் சொல்லும்போது பவுல் முதலில் எழுதிய பெயர் அவன் பாட்டி லோவிசாளுடையது. அம்மா ஐனிக்கேயாள் அதற்குப் பிறகுதான். அப்பா கிரேக்கர். ஆகவே பாட்டிகளை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். பேரனைத் தினமும் கோயிலுக்கு அழைத்து அலுப்பூட்டாதீர்கள். மாலை ஜெபத்தை அவன் வீட்டில் இருக்கும்போதும் வழக்கம்போல நடத்துங்கள், அவனைக் குத்திக்காட்டும் ஜெபம் மட்டும் வேண்டாம். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள். கடவுள் இருக்கிறாரா என்று கேட்டால் அதட்டாமல், அவன் ஏன் கேட்கிறான் என்பதைக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுங்கள்.