யாரோடு சேரலாம்?

கேள்வி: கெட்ட சகவாசத்தை விட்டால்தான் விசுவாசத்தில் நிலைக்கலாம் என்கிறார்கள். இயேசுவே ஆயக்காரரோடு விருந்து சாப்பிட்டாரே?
– கல்லூரி மாணவர், சேலையூர்

பதில்: சாப்பிட்டார். ஆனால் மத்தேயுதான் ஆயத்துறையை விட்டு அவர் பின்னால் போனார். இயேசு போய் ஆயத்துறையில் உட்காரவில்லை! நண்பர்களோடு இருக்கும்போது யார் யாரை இழுக்கிறார்கள் என்று பாருங்கள், விடை தெரிந்துவிடும்.

கெட்ட சகவாசம் என்றால் வேற்று மதத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். சகவாசம் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் சொன்ன எச்சரிக்கையே வேற்று மதத்தவரான கிரேக்க நாடகாசிரியர் மெனாந்தரின் வரி என்கிறார்கள் அறிஞர்கள். அதே நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் அவர் விலகச் சொல்வது ஊராரை விட்டு அல்ல. சகோதரன் என்று பெயர் வைத்துக்கொண்டு குடித்து, கொள்ளையடித்துத் திரிகிறவனை விட்டு.

மின்ரயிலில் கூட வரும் இந்து நண்பனையும் முஸ்லிம் நண்பனையும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் பொய் சொல்லிவிட்டுக் குடிக்க வா என்று நச்சரிப்பவன் பாடகர் குழுவில் உங்கள் பக்கத்தில் நின்று பாடினாலும் சரி, இன்றே விலகுங்கள் தம்பி.