எஃப்எக்ஸ்-991 என்னும் பழிதாங்கி: மணவாள நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கருதுகோள்

எஃப்எக்ஸ்-991 போன்ற சயின்டிபிக் கால்குலேட்டர் கணக்குப் போடப் பிறந்தது என்பது பாமர நம்பிக்கை. கணக்கு தப்பும்போது பழியைத் தாங்கவே அது பிறந்தது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம், திருவள்ளூர் ரயில் நிலையத்தை அடுத்த மணவாள நகர். ஒரு பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் மேல்நல்லாத்தூர் ஆலைகள், பூந்தமல்லி சாலையில் பொறியியல் கல்லூரிகள். சைனும் காஸும் இவ்வளவு பேர் வயிற்றைக் கலக்கும் வட்டாரம் குறைவு.

2. பழியின் வரலாறு

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு. மாற்றிச் சொன்னால் பழி நேராக முதுகில் இறங்கும், இடைத்தரகர் கிடையாது. 1614இல் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். பழியை இறக்கிவைக்க ஒரு புத்தகம் கிடைத்தது. “வரிசை மாறிப் பார்த்துட்டேன் சார்” என்ற வாக்கியத்துக்கு அன்றுதான் விதை விழுந்தது. 1972இல் எச்.பி. நிறுவனம் சட்டைப் பையில் அடங்கும் அளவில் எச்.பி.-35 கால்குலேட்டரைக் கொண்டுவந்தது, பழியும் பைக்குள் வந்து உட்கார்ந்தது.

3. சட்ட நிலை

ப்ளஸ் டூ இயற்பியல் தேர்வில் கால்குலேட்டர் வைத்திருப்பவர் குற்றவாளி. அவருக்கு லாக் டேபிள்தான் கதி. அதே பிள்ளை சில மாதத்தில் பொறியியல் சேர்ந்ததும் கால்குலேட்டர் இல்லாமல் செமஸ்டர் தேர்வுக்கு வந்தால் அசடு. அங்கும் புரோகிராம் எழுதும் ரகத்துக்குத் தடை உண்டு. படித்து முடித்து கேட் தேர்வுக்குப் போனால் கையிலிருப்பதை வெளியே வைத்துவிட்டு, திரையில் தெரியும் கால்குலேட்டரை மவுஸால் குத்த வேண்டும். ஒரே கருவிக்கு ஒரே மனிதர் வாழ்வில் மூன்று சட்டம்!

4. களச் சான்றுகள்

(அ) ஆறு நாலு இருபத்துநாலு என்று தூக்கத்தில் சொல்பவரும் தேர்வு அறையில் 6, பெருக்கல், 4, சமக்குறி என்று தட்டுகிறார். விடை வேண்டியல்ல, சாட்சி வேண்டி.

(ஆ) 69இன் ஃபேக்டோரியல் வருகிறது. 70க்கு ‘மேத் எரர்’ என்கிறது. காரணம், விடை பத்தின் நூறாம் அடுக்கைத் தாண்டிவிடுகிறது. கருவியின் எல்லை அதற்குச் சற்று முன்பே முடிகிறது. மாணவர் இதை ‘பேட்டரி வீக்’ என்று பதிவு செய்கிறார்.

(இ) திரையின் உச்சியில் கடுகளவில் ஓர் எழுத்து. அது டி என்றால் டிகிரி, ஆர் என்றால் ரேடியன், ஜி என்றால் கிரேடியன். சைன் 30 முதலாவதில் 0.5, இரண்டாவதில் மைனஸ் 0.988, மூன்றாவதில் 0.454. மூன்றும் சரியான விடைகளே, கேள்விகள்தான் வேறு. முதல் நாள் இரவல் வாங்கியவன் மோடை மாற்றிவிட்டுத் திருப்பித் தந்தான் என்பது பாதிக்கப்பட்டோரின் ஒருமித்த வாக்குமூலம். இரவல் வாங்கியவனும் இதையே சொல்கிறான், கொடுத்தவனைப் பற்றி.

5. கோட்பாட்டின் எல்லை

இதுவரை கருதுகோள் அசைக்க முடியாதது. தொழிற்பேட்டை டூல் ரூமில்தான் அது இடறுகிறது. கோணம் அமைக்க உதவும் 200 மி.மீ. சைன் பாரை 30 டிகிரி சாய்க்க வேண்டும். 200ஐ சைன் 30ஆல் பெருக்கினால் 100. அந்த உயரத்துக்கு ஸ்லிப் கேஜ் எனும் அளவுக் கட்டைகளை அடுக்கினால் வேலை முடிந்தது. புதிதாக வந்த டிரெய்னி ரேடியனில் தட்டினால் வருவது மைனஸ் 197.6. “கால்குலேட்டர்ல அப்படித்தான் சார் வருது” என்ற வாக்கியம் கல்லூரியில் இரக்கமாவது பெற்றுத் தரும். இங்கே ஃபோர்மேன் கேஜ் பெட்டியைத் திறந்து நீட்டுகிறார்: “மைனஸ்ல இருக்கிறதா பார்த்து எடுப்பா.”

இரும்பு பழியை ஏற்பதில்லை. அதனால் ஃபோர்மேன்கள் கால்குலேட்டரைத் தடுப்பதுமில்லை, கட்டாயமாக்குவதுமில்லை. தட்டுவதற்கு முன் “சுமாரா எவ்வளவு வரும்?” என்று மட்டும் கேட்கிறார்கள். மூன்று சட்டங்களிலும் இல்லாத ஷரத்து இது.

6. பரிந்துரை

செமஸ்டர் விடைத்தாளில் ஒவ்வொரு கணக்குக்கும் மேலே ‘சுமாராக’ என்று ஒரு கட்டம் வேண்டும். அதற்கு இரண்டு மதிப்பெண். அந்தக் கட்டத்தையும் மாணவர்கள் கால்குலேட்டரைத் தட்டியே ஒன்பது தசம இடத்துக்குத் துல்லியமாக நிரப்புவார்கள் என்ற ஆட்சேபம் எழலாம். அது தனி ஆய்வுக்குரியது.