அரணாக்கயித்தைக் கேளு மாப்ள

வாடா மாப்ள, உக்காரு. நீ குடியை விட்டுட்டேன்னு கேள்விப்பட்டதுலேர்ந்து எனக்கு ஒரே கவலை. 2023-24ல டாஸ்மாக் மூலமா கவர்மெண்டுக்கு 45,855 கோடி ரூவா வந்துதாம். அதுல ஒன் பங்கு கொஞ்சமா நஞ்சமா? தினம் ஒரு குவாட்டர். கல்யாணம், கருமாதி, காதுகுத்துன்னா ரெண்டு. இப்ப நீ பாட்டுக்குக் கைய ஒதறிட்டுப் போனா, அந்தப் பள்ளத்தை யாரு ரொப்புறது? கோட்டையில உக்காந்து பட்ஜெட் போடுறவங்கள ஒரு வார்த்தை கேட்டியா?

சரி, விட்டது விட்டுட்ட. அப்புறம் எதுக்குப் புகார்? டீக்கடையில என்னமோ சொன்னியாமே. “ரெண்டு மாசமா ஒரு சொட்டு தொடல, தொந்தி அப்பிடியே இருக்கு, எடை மிஷின்ல ஒரு கிலோ கூடக் காட்டுது, இதுக்குக் குடிச்சிக்கிட்டே இருந்திருக்கலாம்”னு. அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டேன். தாய்மாமன் நான் உசுரோட இருக்கறப்ப, தொந்தி ஒன்ன மறுபடி கடைக்கு அனுப்பிச்சிடக் கூடாது பாரு.

எம் பேத்தி நர்சுக்குப் படிக்கிறா. அவகிட்ட ஒன் கதையச் சொன்னேன். பேரச் சொல்லல, பயப்படாத. அவளே கண்டுபுடிச்சிட்டா, அது வேற. தாள எடுத்துக் கணக்குப் போட்டா. குவாட்டர்னா 180 மில்லி. பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும். நீ எங்க லேபிளப் படிச்ச, மூடியத்தான் பாத்திருப்ப. அந்தக் கணக்குல உள்ள இருக்கற சாராயம் மட்டும் 60 கிராம். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9, சாராயத்துக்கு 7. ஆக ஒரு குவாட்டருக்கு 420 சொச்சம். ஏழெட்டு இட்லி மாப்ள, சட்னி சாம்பார் சேக்காம! ஆனா குவாட்டர்ல ஒரு பைசாவுக்குச் சத்து கெடையாது. ஒரு கிலோ கொழுப்பு கரைய 7,700 கலோரி மிச்சம் புடிக்கணும்னு சொல்றா. அப்பிடின்னா மத்ததெல்லாம் பழையபடி இருந்து, நீ குவாட்டரை மட்டும் நிறுத்தியிருந்தாலே மாசத்துக்கு ஒண்ணரை கிலோ எறங்கியிருக்கணும்.

எறங்கல. ஏன்? கிளாஸை விட்டவன் தட்டை விடல.

நான் சும்மா சொல்லல, ஒன்ன ரெண்டு மாசமா கவனிச்சிக்கிட்டு வர்றேன். அஞ்சு மணிக்கு டீ, வடை. ஆறுக்கு இன்னொரு டீ, பஜ்ஜி. ஏழு மணி ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது, மிக்சர் பொட்டலம். ராத்திரி பத்து மணிக்கு, கடை மூடுற நேரத்துக்கு, பழைய பாசத்துல முட்டைப் புரோட்டா. நாலு டீயும் நாலு வடையுமே ஒரு குவாட்டரைத் தாண்டிப்புடும். குடிய விட்ட பல பேருக்கு மொத ஒண்ணு ரெண்டு மாசம் இனிப்புக்கு நாக்கு அலையும், அது ஒன் குத்தம் இல்ல. அந்த நேரத்துல சாராயக் கடையப் பாக்கறதுக்கு மிட்டாய்க் கடையப் பாக்கறது எவ்வளவோ மேல். தின்னுட்டுப் போ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஜாங்கிரி போட்ட எடைக்குக் குடிய விட்டது மேல பழி போடாத.

இன்னொண்ணும் கேட்டுக்க. சாராயம் உள்ள போனா அதச் சேத்து வைக்க ஒடம்புல எடம் கெடையாது. ஈரல் மத்த வேலையெல்லாம் தள்ளிப் போட்டுட்டு மொதல்ல அதத்தான் எரிக்கும். ஒரு குவாட்டரை முடிக்க அதுக்கு ஆறேழு மணி நேரம் புடிக்குது. நீ ஒம்பது மணிக்கு ஊத்துனா, கோழி கூவுற வரைக்கும் அது ஓவர்டைம் பாக்கும். கூடத் தின்ன வறுவலும் சால்னாவும் என்ன செய்யும்? கேக்க ஆளில்லாம வயித்துலயும் ஈரல்லயும் கொழுப்பாத் தங்கிடும். நீ நிறுத்துன பிற்பாடு அந்த ஈரலுக்கு ராத்திரி லீவு கெடைச்சிருக்கு. முத்திப் போவாத ஈரல்ல கட்டுன கொழுப்பு சில வாரத்துலயே கொறைய ஆரம்பிச்சிடும். அது உள்ள நடக்கற வேலை, கண்ணாடியில தெரியாது. கண்ணாடியில தெரியாதத நம்ப ஒனக்குக் கஷ்டம், கல்யாணமான நாள்லேர்ந்தே அப்பிடித்தான்.

நம்ம ஊரு சாமி கதைய எடுத்துக்க. திருத்துருத்திதான் இப்ப நம்ம குத்தாலம். பெரியபுராணத்துல சுந்தரரு திருவொற்றியூருல மகிழ மரத்தடியில சங்கிலி அம்மாகிட்ட, ஒன்ன விட்டுப் பிரிய மாட்டேன்னு சத்தியம் பண்ணாரு. பண்ணிட்டுத் திருவாரூர் ஞாபகம் வந்து கெளம்புனாரு. சத்தியத்த ஒடைச்ச ஒடனே கண்ணு ரெண்டும் போச்சு. நீ கோயில்ல கற்பூரத்த அணைச்சுப் பண்ணுன சத்தியத்துக்கெல்லாம் சாமி அப்பிடிக் கணக்குப் பாத்திருந்தா ஒனக்கு எத்தனை கண்ணு வேணும்னு யோசிச்சுக்க. அத விடு. போனது எப்பிடித் திரும்பி வந்துதுன்னு பாரு. வெண்பாக்கத்துல மொதல்ல ஒரு ஊன்றுகோல். காஞ்சிபுரத்துல ஒரு கண்ணு. நம்ம ஊருல முழுக்குப் போட்டதும் மேல்ல இருந்த நோவு போச்சு. திருவாரூர் போனப்புறந்தான் இன்னொரு கண்ணு. தம்பிரான் தோழரான சுந்தரருக்கே சாமி மொத்தமாக் குடுக்கல. முன்னூறு கிலோமீட்டருக்கு மேல நடக்க விட்டு, தவணை தவணையாக் குடுத்தாரு. ஒனக்கு மட்டும் ரெண்டே மாசத்துல தொந்தி போயி நெஞ்சு விரிஞ்சு சினிமா நடிகன் ஆயிடணும், அதுவும் உக்காந்த எடத்துல!

ஒனக்கு என்ன தவணை வந்திருக்குன்னு நானே சொல்றேன். எந் தங்கச்சி, அதான் ஒன் ஆத்தா, சொன்னா, ராத்திரி குறட்டை கொறைஞ்சிருக்காம். நடுச்சாமத்துல எந்திரிச்சுத் தண்ணி கேக்கறதில்லியாம். காலையில ஏழு மணிக்கு நீயா எந்திரிக்கிற. மொகத்துல வீக்கம் வத்தியிருக்கு. குடிச்சவன் தூங்குறது தூக்கம் இல்ல மாப்ள, சாஞ்சு கெடக்கறது. நல்லாத் தூங்குனாத்தான் மறுநாள் காலு நடக்கும், கண்டதத் தின்னத் தோணாது. ஆக மொதல்ல தூக்கம், அப்புறம் காலு, அப்புறந்தான் தொந்தி. தொந்தி எப்பவும் கடைசி தவணை.

எடை மிஷினை ரொம்ப நம்பாத. குடிச்ச காலத்துல ஒழுங்காத் தின்னாம கையும் தொடையும் சதை கரைஞ்சு போயிருக்கும். இப்ப நல்லதத் தின்னு வேலை செஞ்சா அந்தச் சதை திரும்பி வரும், எடையும் கூடத்தான் காட்டும். இடுப்புல ஆத்தா கட்டிவிட்ட அரணாக்கயிறு இருக்கில்ல, அதக் கேளு. போன தீவாளிக்குச் சதைக்குள்ள புதைஞ்சு தடம் போட்டது, இப்ப வெரல் நுழையுதா? நுழைஞ்சா சரி. எம் பேத்தி டேப்பு வச்சுத்தான் ஒத்துக்குவா: நம்ம நாட்டு ஆம்பளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணுமாம். அதத் தாண்டினா சர்க்கரைக்கும் நெஞ்சு நோவுக்கும் பயம் கூடுது.

அடுத்தது ஜிம்மு. மாயவரத்துல பணம் கட்டிட்டு வந்திருக்கியாம். கட்டு, வேணாங்கல. ஆனா இந்தக் கூத்த ஊரு பாத்துச் சிரிக்குது. ஒன் வயல்ல அண்டை வெட்டக் கூலிக்கு ஆளு. நடவுக்கு மிஷினு. அறுப்புக்கு மிஷினு. மருந்தடிக்க டிரோனு. வரப்பப் பாக்கப் போறது எக்ஸெல் வண்டியில. இத்தனை வேலையையும் ஒடம்புலேர்ந்து எறக்கி வச்சிட்டு, பஸ் ஏறிப் போயி, காசு குடுத்து இரும்பத் தூக்கற! ஒங்க தாத்தனும் குடிச்சவருதான். ஆனா விடியக்காலம் ஏர் பூட்டுனாருன்னா பொழுது சாயற வரைக்கும் சேத்துலதான் நிப்பாரு. வேலைய மிஷினுக்கு விட்ட நாம குடிய மட்டும் நாமளே வச்சிக்கிட்டோம். அதுல எங்க தலைமுறைக்கும் பங்கு உண்டு. மம்பட்டிய எடு. வாரத்துல ரெண்டு நாளு அண்டை வெட்டு, மத்த நாளு நட. வாரத்துக்கு 150 நிமிசமாவது வேகமா நடக்கணும், ரெண்டு நாளு தசைக்கு வேலை குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஜெனீவாவுல உக்காந்து அவங்க கண்டுபுடிச்சது ஒன் கொல்லையில சாத்தி வச்சிருக்கு, துருப்புடிச்சு.

இப்ப கேலிய ஓரமா வச்சிட்டு ஒண்ணு சொல்றேன். ஒன் கூட்டாளி, காலையிலேயே ஆரம்பிக்கறவன், ஒன்னப் பாத்து நாளைக்கே விடறேன்னு கெளம்பியிருக்கானாம். அவன அப்பிடி விடச் சொல்லாத. விடாம குடிச்சவன் திடீர்னு நிறுத்துனா கை ஒதறும், வேத்துக் கொட்டும், வலிப்பு கூட வரலாம். ரெண்டு மூணு நாளுல இல்லாத ஆளோட பேசுவான், சுவத்துல பூச்சி ஊருதும்பான். நம்ம ஊருல அதுக்குப் பேய் புடிச்சிடுச்சுன்னு மந்திரிக்கத் தூக்கிட்டுப் போவாங்க. உசுரு போற சங்கதி அது. டாக்டர் மேப்பார்வையில மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும். மாயவரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, இல்ல 14446க்குப் போன் போடு, காசு கெடையாது. அவனுக்குக் கால் வீங்கி, கண்ணு மஞ்சளாகி, வயிறு தெண்ணுன்னு இருந்தா அது தொந்தியே இல்ல, ஈரல் கெட்டு வயித்துல கோத்துக்கிட்ட நீரு. அத நடந்து கரைக்க முடியாது. இதுல மானம் போறதுக்கு ஒண்ணும் இல்ல. சென்னையில சாந்தி ரங்கநாதன் அம்மா புருசனக் குடிக்குப் பறிகுடுத்துட்டு, 1980ல குடிநோய்க்குன்னே ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. அங்க வீட்டு ஆளுங்களுக்கும் சேத்துத்தான் வைத்தியம் பாக்கறாங்க.

என்னிக்காவது தவறிடுவேனோன்னு பயமா? 1937ல ராஜாஜி சேலத்துல மதுவிலக்குக் கொண்டாந்தாரு. 1971ல கடையத் தொறந்தாங்க, 1974ல மூடுனாங்க, 1981ல மறுபடி தொறந்தாங்க, 2003ல கவர்மெண்டே கல்லாவுல உக்காந்துடுச்சு. ராஜாங்கமே விட்டுட்டு விட்டுட்டுப் புடிச்சிருக்கு, நீ எம்மாத்திரம்! தவறிட்டா மறுநாளே வந்து நில்லு. மாயவரத்துல ஐப்பசி பூரா துலா முழுக்கு நடந்து, கடைமுழுக்கும் முடிஞ்சு, அப்புறம் நொண்டிக்கிட்டு வந்தான் ஒருத்தன். அவனுக்காகக் கார்த்திகை ஒண்ணாந்தேதி முடவன் முழுக்குன்னு ஒண்ணு வச்சிருக்காரு சாமி. ஆனா சலுகை ஒரு நாளுதான். அதையே வழக்கமாக்கிக்கலாம்னு நீ கணக்குப் போடுவ, ஒன்ன எனக்குத் தெரியாதா?

மேட்டூர் ஷட்டரு ஜூன் 12க்குத் தூக்கணும், தண்ணி இருந்தாத்தான் தூக்குவாங்க. டாஸ்மாக் ஷட்டரு அப்பிடியில்ல. காந்தி பொறந்த நாளு போல சில நாள் தவிர தினம் பகல் 12 மணிக்கு டாண்ணு ஏறிடும், கர்நாடகாவைக் கேக்க வேண்டியதில்ல. அதுக்கு முன்னால காலைப்பொழுது பூரா ஒன் கையில இருக்கு. நாளைக்கு ஆறு மணிக்கு நான் காவிரிப் படித்துறையில நிப்பேன். வண்டிய ஊட்டுலயே போட்டுட்டு நடந்து வா. கூட்டாளியையும் கூட்டிக்கிட்டு வா. அவன் இன்னும் விடலன்னாலும் பரவால்ல, நடக்கட்டும்.