சூடிக் கொடுத்த சுவர்க்கடிகாரம்

பொருளை வீசாமல் மறுபடி மறுபடி பயன்படுத்துவதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்று இப்போது கருத்தரங்கு போட்டுப் பேசுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது பழைய சேதி. கோதை ஆண்டாள் சூடிக் களைந்த மாலைதான் வேண்டும், புதுசு வேண்டாம் என்று பெருமாளே அடம்பிடித்த ஊராயிற்றே! இன்றும் ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரையில் அழகருக்காக மதுரைக்கும் போகிறது. ‘செகண்ட் ஹேண்ட்’ என்று யாரும் முகம் சுளித்ததில்லை.

பக்கத்து ராஜபாளையத்தில் நூற்பாலைகள். அங்கே கழிவுப் பஞ்சுக்கும் விலை உண்டு, அதுவும் நூலாகும். கழிவு என்று பெயர் வைத்ததோடு சரி.

2023 மே மாதம், வேண்டாத துணி, செருப்பு, புத்தகங்களை வாங்கிவைக்க நகரங்கள்தோறும் மையம் திறக்கச் சொன்னது மத்திய அரசு. நல்ல யோசனைதான். ஆனால் நம் வீட்டில் ‘வேண்டாத பொருள்’ என்று ஒன்று இருந்தால்தானே? பரணில் கிடப்பதெல்லாம் ‘என்றைக்காவது ஆகும்’.

நமக்கு வாய்த்த மையம் கல்யாண மண்டபம். ராஜபாளையத்தில் எனக்கு வந்த சுவர்க்கடிகாரத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாணம் ஒன்றில் தள்ளிவிட்டேன். மூன்று வருஷம் கழித்து என் மகள் கல்யாணத்துக்கு அதுவே திரும்பி வந்தது. மேல்காகிதம் மட்டும் புதுசு. பேட்டரி இன்னும் யாரும் போடவில்லை.