கூட நின்று கட்டிய வீடு

சொந்தக்காரர்கள் கூடும் இடங்களில் நான் வெகுகாலம் சொல்லிவந்த ஒரு வசனம் உண்டு: "வாங்குனது இல்லைங்க, கூட நின்னு கட்டுனது." எதிரில் இருப்பவர் ஃபிளாட் வாங்கியவர் என்றால் சத்தம் கொஞ்சம் கூடும். அதில் பொய் எதுவும் இல்லை. மதுரை ஒத்தக்கடைப் பக்கம் 2019-இல் அந்த வீடு எழும்பியபோது நான் நின்றேன். லீவு போட்டுவிட்டு நின்றேன். இன்று வீட்டில் இருக்கிற ஒவ்வொரு குறையும் உள்ளே நுழைந்தபோது அதற்குப் பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு தலையாட்டியவன் நான்தான்.

பிழைப்புக்கு நான் செய்வது தணிக்கை. கூட்டுறவுச் சங்கக் கணக்கில் பில் இல்லாமல் ஒரு டீச் செலவு எழுதியிருந்தாலும் குறிப்பெழுதி அனுப்புகிற ஆள். அப்பேர்ப்பட்டவன் மேஸ்திரியோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் மொத்தமே ஒரு பக்கம். அதில் தரத்தைப் பற்றி இருந்தது 'முதல் தரமான பொருட்களைக் கொண்டு நல்ல முறையில் கட்டித் தருவதாக' என்ற ஒற்றை வரி. எந்த சிமெண்ட், கம்பி என்ன கனம், பூச்சுக்கு எத்தனை நாள் தண்ணீர் ஊற்றுவது, ஒன்றும் கிடையாது. நான் மல்லுக்கட்டியதெல்லாம் சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைப்பதற்கு. குறைத்தும் விட்டேன். "சாருக்காக" என்று மேஸ்திரி சிரித்தார். அந்த நூறு ரூபாயை அவர் எங்கெங்கே ஈடுகட்டிக்கொண்டார் என்று டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் தெரியும். ஹாலில் பாதி இடம் 'டொக்கு டொக்கு' என்கிறது.

தளம் போடுவதற்கு முந்தின இரவு யூடியூபில் உட்கார்ந்து படித்தேன். சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே 20 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், அதற்குத்தான் கவர் பிளாக் வைப்பது, இல்லாவிட்டால் ஈரம் கம்பியைப் பிடித்து, துருவேறிய கம்பி உப்பி, மேலே இருக்கிற காங்கிரீட்டையே பெயர்த்துத் தள்ளிவிடும் என்பதெல்லாம் மனப்பாடம். காலையில் போய்க் குனிந்து பார்த்தேன். கம்பிக்கு அடியில் ஆங்காங்கே ஜல்லிக்கல் முட்டுக்கொடுத்திருந்தது.

"மேஸ்திரி, கவர் பிளாக் வைக்கலையா?"

"அதெல்லாம் பெரிய பில்டிங்குக்கு சார். நம்ம வீட்டுக்கு ஜல்லியே தாங்கும்."

'நம்ம வீடு' என்று அவர் சொன்னதில் நான் நெகிழ்ந்துபோனேன். இப்போது சன்ஷேடின் அடிப்பக்கம் பார்த்தால் கம்பி எந்தெந்த வழியாகப் போகிறது என்று பழுப்புக் கோட்டில் படம் வரைந்த மாதிரி தெரிகிறது. பின்னால் யாராவது இடித்துக் கட்டுவதாக இருந்தால் வரைபடம் தேவைப்படாது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. சாதாரண எம்20 கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்குத் தண்ணீர் 30 லிட்டருக்கு மேல் போகக்கூடாது என்று இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. மிக்சர் ஓட்டியவர் லிட்டரைப் பற்றிக் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. டியூப் ஓடிக்கொண்டே இருந்தது, கலவை ரசப் பதத்துக்கு வந்தது. கெட்டியாக இருந்தால் சட்டியில் தூக்குகிறவர்களுக்குக் கஷ்டம், பரப்புவதும் சிரமம். தண்ணீர் கூடினால் வேலை பறக்கும். காய்ந்த பிறகு அந்த உபரித் தண்ணீர் இருந்த இடமெல்லாம் நுண்துளை. சொல்ல வாயெடுத்தேன். மேற்கே மேகம் கறுத்திருந்தது. என் வாயிலிருந்து வந்தது: "மழைக்கு முன்னால முடிச்சிருவீங்கள்ல?"

சரி, அதற்காவது கூலிக்காரரைச் சொல்லலாம். சுவருக்குத் தண்ணீர் அடிக்கிற வேலையை யாரும் என் தலையில் கட்டவில்லை. நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெயில் காலத்தில் காங்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாளாவது ஈரம் காயாமல் வைக்க வேண்டும். மாடித் தளத்துக்குப் பாத்தி கட்டி நீர் நிறுத்தியாயிற்று, அது பிழைத்தது. சுவருக்குத்தான் கேடு. காலையில் ஆபீஸ் போகிற வழியில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவில் சித்திரை வெயில் முழுப் பகலும் அந்தச் சுவரைத் தனியாகக் கவனித்துக்கொண்டது. சில சாயங்காலங்களில் டியூபைத் திறந்து, சுவர் நிறம் மாறியதும் மூடிவிட்டு, அதை நனைத்ததாகக் கணக்கு எழுதினேன். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் விளக்கம் கேட்டிருப்பேன்.

சித்திரையில்தான் பாத்ரூம் டைல்ஸும் ஒட்டினார்கள். ஒட்டி முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சோதனை. டைல்ஸ்காரர் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார். அழகர் ஆற்றில் இறங்குகிற நேரம், யாரைப் பிடித்து நிறுத்துவது? "சரிவு கரெக்டா இருக்கு சார், கண்ணுலயே தெரியுது" என்றார். எனக்கும் தெரிந்தது போலத்தான் இருந்தது. குடிவந்த பிறகுதான் புரிந்தது, தண்ணீருக்கு ஜாலி இருக்கிற மூலை பிடிக்கவில்லை. எதிர்மூலையில் கொஞ்ச நேரம் தேங்கி நின்று யோசித்துவிட்டு, வாசல்படியை நோக்கி நடக்கும். விருந்தாளி துண்டை எடுத்ததுமே என் மனைவி உள்ளிருந்து குரல் கொடுப்பாள்: "குளிச்சிட்டு வைப்பரால தண்ணியத் தள்ளி விட்டுருங்க!"

இத்தனை அவசரமும் எதற்கு? அடுத்து ஆனி, ஆடி, கிரகப்பிரவேசம் கிடையாது. வைகாசி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடித்து முடித்திருந்தேன். பூச்சு நன்றாக உலர ஒரு மாதமாவது விட்டுத்தான் பட்டி பார்க்க வேண்டும் என்று பெயிண்டர் ஒருவர் சொல்லத்தான் செய்தார். அவரை மாற்றிவிட்டேன். புது பெயிண்டர் எதுவும் சொல்லவில்லை. பால் காய்ச்சிய அன்று சுவர் பளபளத்தது. ஐப்பசி மழை பிடித்ததும் ஹால் சுவரில் கொப்புளம் கிளம்பியது. குத்தினால் உள்ளே வெள்ளையாய் உப்பு.

தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் கோழிவலை அடித்துப் பூசாததால் வந்த விரிசல் தனிக் கதை. முதலில் தினத்தாள் காலண்டர் மாட்டி மறைத்தேன். விரிசல் கீழே இறங்கியது; மாதக் காலண்டருக்கு மாறினேன். "என்ன மாப்ள, ஒரே சுவத்துல மூணு காலண்டர்?" என்றார் மாமனார். ராகு காலம் பார்க்க ஒன்று, லீவு பார்க்க ஒன்று என்று இழுத்தேன். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார். மூன்றாவதை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் இறக்கிவிட்டார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

2021-இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் சுவரைத் தொட்டால் பூச்சு உதிர்கிற காட்சி டிவியில் வந்தது. ஏழைகளுக்குக் கட்டுவதென்றால் இப்படித்தானா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி பொங்கினேன். "எந்திரிங்க, சட்டையக் கழட்டுங்க" என்றாள் மனைவி. சாய்ந்து உட்கார்ந்திருந்ததில் முதுகு முழுக்க எங்கள் ஹால் சுவர். அந்தக் கட்டடத்தை ஆராய அரசு ஐஐடி நிபுணர்களை அனுப்பியது.

மேஸ்திரியைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கடைசித் தவணையைக் கிரகப்பிரவேசத்தன்றே, வேட்டி துண்டோடு தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டேன். சபையில் நாலு பேர் பார்க்கக் கொடுப்பது கௌரவம் இல்லையா. அதற்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை. ஃபிளாட் வாங்கியவர்களுக்கு ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது: ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால் பில்டர் தன் செலவில் 30 நாளுக்குள் சரிசெய்தாக வேண்டும். கூட நின்று கட்டியவனுக்கு அது இல்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்றார் வக்கீல் நண்பர் ஒருவர். "கொடுத்த பணத்துக்கு ரசீது இருக்கா?" என்று கேட்டார். பேச்சை மாற்றினேன்.

போன மாதம் மச்சினன் வீட்டில் தளம் போட்டார்கள். "அத்தான், நீங்க ஒரு வீடு கட்டுனவரு, வந்து நில்லுங்க" என்றான். 30 லிட்டருக்குப் பெயிண்டில் கோடு போட்ட டிரம் ஒன்றைச் சொந்தச் செலவில் கொண்டுபோய் மிக்சர் பக்கத்தில் வைத்து, மூட்டைக்கு இந்தக் கோடு வரைக்கும்தான் என்று உறுதியான குரலில் சொன்னேன். "செஞ்சிரலாம் சார், டீ வந்துருச்சு பாருங்க" என்றார்கள். குடித்துவிட்டுத் திரும்பினேன். மிக்சருக்குள் டியூப் ஓடிக்கொண்டிருந்தது. டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, "உக்காருங்க சார்" என்றார்.